மூன்று லட்சம் ரூபாயிலிருந்து ஓ.டி.பி. வரை: நம் உதவித்தொகை வந்த வழி



போன ஜூலையில் ஒரு சாயங்காலம், தாம்பரம் கிழக்கில் ஒரு ஜெராக்ஸ் கடை. முடிச்சூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பி.எஸ்சி. முதல் வருடம். அப்பா பெயின்டர், அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தோம். ஆதார் எண்ணைப் போட்டாச்சு. ஓ.டி.பி. வரவில்லை. ஆதாரோடு இணைத்த நம்பர், அவள் அப்பா நாலு வருடத்துக்கு முன் தொலைத்த சிம்முடையது. கல்லூரி அலுவலகத்தில் அன்று காலைதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: வெள்ளிக்கிழமைக்குள் முழு ஃபீஸையும் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்தால் நீயே வைத்துக்கொள்.

மூன்றாவது தடவையும் ஓ.டி.பி. வராதபோது அவள் கேட்டாள்: "விடுங்கக்கா. கவர்மெண்ட் சும்மா குடுக்குற காசுதானே? இதுக்குப் போய் இவ்ளோ சண்டை போடணுமா?"

ஓ.டி.பி. பிரச்சினையை மறுநாள் ஆதார் மையத்தில் தீர்த்துவிட்டோம். அந்த "சும்மா" என்ற சொல்லுக்கு மட்டும் அன்றைக்கு என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை, கடையைச் சாத்தும் நேரம். இந்தக் கட்டுரை அந்தத் தங்கைக்கான பதில். அவளைப் போலவே உதவித்தொகையைக் கொஞ்சம் கூச்சத்தோடு வாங்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சாதியை மறைத்துப் படித்தவர்கள்

நாம் இருக்கும் இந்தத் தாம்பரம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த மண். 1891-ல் இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நமக்குச் சொந்தமாக நிலமில்லை, குடியிருக்கும் மனையும் நமதில்லை, எனவே யாரையும் எதிர்த்துப் பேச முடியவில்லை என்பதை ஓர் ஆங்கிலேய அதிகாரி அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்த ஆவணம் அது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. மறு வருடம், 1893 பிப்ரவரியில், பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை ஒன்றை மதராஸ் அரசு வெளியிட்டது. நிலமும் பள்ளிக்கூடமும் ஒரே காலத்தில், ஒரே கோரிக்கையின் இரண்டு பாதிகளாக வந்தன.

அதே செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அவர் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே படித்த சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். எங்கே தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் நெருங்கிப் பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு உள்ளே போவாராம். விளையாடக்கூட முடியாத ஒரு மாணவப் பருவம்.

இதை நினைவில் வையுங்கள். அன்றைக்குச் சாதியை மறைத்தால்தான் படிக்க முடிந்தது. இன்றைக்கு இணையதளத்தில் சாதிச் சான்றிதழ் எண்ணைப் போட்டு நிரூபித்தால்தான் உதவித்தொகை. அந்த எண்ணைத் தட்டும்போது கை கூசினால், சீனிவாசன் வகுப்புக்கு வெளியே காத்திருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மறைக்க வேண்டியிருந்த ஒன்றை உரிமை கோரும் ஆவணமாக மாற்ற இரண்டு மூன்று தலைமுறை உழைத்திருக்கிறது.

இன்னொருவரும் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். எம்.சி. ராஜா 1883-ல் பரங்கிமலையில் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராக வேலை செய்தார். அப்போது அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. அது சேலையூர்க் காட்டை ஒட்டிய இன்றைய தாம்பரம் வளாகத்துக்கு வந்தது 1937-ல்தான். மதராஸ் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் முதல் பிரதிநிதியாக உட்கார்ந்த ராஜா, 1922-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும். இன்று உங்கள் உதவித்தொகைக்கு ஒப்புதல் தரும் துறையின் பெயர் அந்தத் தீர்மானத்தின் வழியாக வந்தது. சைதாப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் அரசு மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள்.

இதற்கெல்லாம் முன்பே, அயோத்திதாசரின் முயற்சியோடும் கர்னல் ஆல்காட்டின் உதவியோடும் 1894-ல் அடையாறு பக்கம் பஞ்சமருக்கான இலவசப் பள்ளி தொடங்கியாயிற்று. 1920 வாக்கில் மதராஸ் அரசு லேபர் கமிஷனர் என்ற பதவியை ஏற்படுத்தியது. அந்தத் துறை சேரிகளில் பள்ளிகள் திறந்தது. நம் தாத்தா பாட்டிகள் "லேபர் ஸ்கூல்" என்று சொல்வது அவற்றைத்தான். பின்னாளில் அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின.

ஆனால் இவை எல்லாமே பெரும்பாலும் தொடக்கக் கல்வி. எழுதப் படிக்கத் தெரிந்த கூலியாளை உருவாக்கும் அளவுக்கு அரசும் மிஷனும் தாராளமாக இருந்தன. காலேஜ் என்று வரும்போது வழி அடைபட்டது.

ஒரு மன்னரின் காசு, ஓர் ஒப்பந்தம்

அம்பேத்கர் எப்படிப் படித்தார் என்று நம் கூட்டங்களில் அடிக்கடிப் பேசுகிறோம். அவர் எந்தக் காசில், என்ன நிபந்தனையில் படித்தார் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம்.

எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. அதற்கு அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். படித்து முடித்ததும் பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். உதவியை ஏற்பது என்றால் அன்றைக்கு இதுதான் பொருள்: காசோடு சேர்த்து நிபந்தனையையும் ஏற்பது.

லண்டனில் ஆராய்ச்சியின் நடுவில் இருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தன் அடையாளத்தைச் சொல்லாமல் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள். அப்போதே அவர் கொலம்பியாவில் படித்துத் திரும்பியவர். சில நாட்களில் பம்பாய்க்குத் திரும்பினார். பிறகு சம்பாதித்த சேமிப்பு, நண்பரிடம் வாங்கிய கடன் என்று தேற்றிக்கொண்டு 1920-ல் மீண்டும் லண்டன் போய் விட்ட படிப்பை முடித்தார்.

ஒரு நல்ல மனிதர் கொடுத்த உதவி எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எங்கே கைவிடும் என்பதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவர் அவர். அதனால்தான், அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் நன்கொடை கேட்கவில்லை. அரசின் பட்ஜெட்டில் ஒரு வரி கேட்டார்.

1942 அக்டோபர் 29

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் நீண்ட மனு ஒன்றைக் கொடுத்தார். அரசியல் பிரதிநிதித்துவம், அரசு வேலை, ஒப்பந்தப் பணிகள் என்று பலவும் அதில் உண்டு. கல்வி பற்றிய பகுதியை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும்.

அவருடைய வாதம் எளிமையானது. பெனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுக்கு மூன்று மூன்று லட்சம் ரூபாய் மானியம் கொடுக்கிறது. அப்படியானால் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் அதே அளவு ஒதுக்க வேண்டும். எழுத்தறிவு மட்டும் போதாது. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள் வேண்டும், வெளிநாடு போய்ப் படிக்கவும் வழி வேண்டும். முடிவெடுக்கும் நாற்காலிகளில் நம் ஆட்கள் உட்காராதவரை, கீழே எத்தனை பேர் எழுதப் படிக்கக் கற்றாலும் நிலைமை மாறாது.

அரசு ஒப்புக்கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய். 1944-ல் அந்த உதவித்தொகை தொடங்கியது. இன்று நீங்கள் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அதேதான். சுதந்திரத்துக்கும் அரசமைப்புச் சட்டத்துக்கும் மூத்தது. 1948-49-ல் பழங்குடி மாணவர்களும் இதற்குள் வந்தார்கள்.

பரங்கிமலையின் எம்.சி. ராஜா அதைப் பார்க்கவில்லை. 1943-ல் இறந்துபோனார்.

தங்கச்சி, இதுதான் உன் "சும்மா"வுக்கு முதல் பதில். அடுத்தவருக்குக் கொடுத்ததைக் கணக்குப் போட்டுக் காட்டி, எனக்கான பங்கு எங்கே என்று கேட்டு வாங்கிய காசு இது.

நோட்டீஸ் போர்டு காலம்

சுதந்திரத்துக்குப் பின் இந்தத் திட்டம் வளர்ந்தது. பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, மருத்துவம், பொறியியல், ஆராய்ச்சி என்று எல்லாப் படிப்பும் உள்ளே வந்தன. நம் ஊர்களில் முதல் டீச்சர், முதல் நர்ஸ், முதல் வக்கீல் என்று நீங்கள் கேள்விப்படும் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் பெரும்பாலும் இந்தக் காசும் ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியும் இருக்கும்.

காசு வந்த விதம் வேறு கதை. நான் கல்லூரியில் படித்தது 2000-களின் நடுவில். விண்ணப்பம் தாளில். கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் என்று ஒரு ஜன்னல். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று படி. எல்லாம் முடிந்து, வருடக் கடைசியில் பணம் வந்தால் நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்கள். பெயருக்கு எதிரே எஸ்.சி. என்று இருக்கும். சில நேரம் வகுப்புக்கே ஆள் வந்து, பாடம் நடக்கும்போது, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் ஆபீஸுக்கு வாங்க" என்று கூப்பிடுவார். நாங்கள் எழுந்து போவோம். மற்றவர்கள் பார்ப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். முழுத் தொகையும் கைக்கு வந்ததா என்று கேட்கும் தைரியம் எங்கள் செட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் கேட்ட மறுவாரம் மீதி வந்தது.

அதனால் "பழைய முறையே நன்றாக இருந்தது" என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அந்த ஜன்னல் ஒழிந்ததில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை.

அரசாணை 92

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் 2012 செப்டம்பர் 11. அன்று தேதியிட்ட அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் என்றது. கட்டணக் குழு நிர்ணயித்த அளவுக்கு. 2011-12 கல்வியாண்டிலிருந்தே இது பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் சேர்த்து.

வண்டலூர், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம் பக்கம் வரிசையாக நிற்கும் தனியார் கல்லூரிகளின் பஸ்களில் நம் பிள்ளைகள் ஏறத் தொடங்கிய காலம் அது. அம்பேத்கர் கேட்ட தொழில்நுட்பப் படிப்பு, வீட்டு வாசலில் பஸ் ஏறும் தூரத்தில் கிடைத்தது.

பில் ஏறியதும் கை சுருங்கியது. இதன் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் உதவித்தொகைப் போராட்டம் எதையும் நடத்த முடியாது. பழைய முறையில், ஒவ்வொரு ஐந்தாண்டுத் திட்டம் முடியும்போதும், அதன் கடைசி வருடத்தில் எவ்வளவு செலவானதோ அந்தத் தொகை முழுவதும் அடுத்த காலகட்டத்தில் மாநிலத்தின் தலையில் விழும். அதற்கு மேல் ஆகும் செலவை மட்டும் ஒன்றிய அரசு தரும். 12-வது திட்டம் 2017-ல் முடிந்தபோது, தமிழ்நாட்டின் பொறுப்பு ஆண்டுக்குச் சுமார் 350 கோடி ரூபாயிலிருந்து 1,500 கோடிக்கு மேல் ஒரேயடியாக ஏறியது. அதிகம் பேரைப் படிக்க வைத்த மாநிலத்துக்கு அதுவே தண்டனையாயிற்று.

2017-ல் நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களுக்குத் தரும் கட்டணத்தை மாநில அரசு குறைத்தது. 2018-ல் ஒன்றிய அரசின் புதிய விதிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டை முற்றிலும் விலக்கின. அதே 2018-ல் தணிக்கைத் துறை, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் இந்தத் திட்டத்தை ஆய்வு செய்து, பணம் மாணவர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அரசுகளுக்கு அது நிலுவைத் தொகை. மாணவருக்கு அது ஹால் டிக்கெட் தராத கல்லூரி, டி.சி. தராத கல்லூரி, வேலை கிடைத்தும் காட்டச் சான்றிதழ் இல்லாத மகன்.

பணம் நிற்கும்போது என்ன ஆகும் என்பதை ஹைதராபாத்தும் காட்டியது. ரோஹித் வெமுலாவின் ஃபெல்லோஷிப் 2015 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 2016 ஜனவரியில் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில்கூட ஏழு மாதப் பாக்கியைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

2020: பணம் நேராக உன் கணக்குக்கு

நாடு முழுக்க எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை முறையை மாற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம், அதாவது 35,534 கோடி, ஒன்றியத்தின் பங்கு. மீதி 40 சதவீதம் மாநிலங்களுடையது. அதுவரை மூன்று ஆண்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடியாகச் சுருங்கியிருந்த ஒன்றியப் பங்கு, சுமார் 6,000 கோடியாகும் என்று அறிவித்தார்கள். இது நம் இயக்கங்களின் வெற்றிதான். அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கூடவே ஒரு மாற்றமும் வந்தது. ஒன்றியத்தின் 60 சதவீதம் கல்லூரிக்குப் போகாது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு, ஆதார் வழியாக நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். மாணவர் அதிலிருந்து கல்லூரிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இடைத்தரகர் இல்லை, நல்லதுதான். ஆனால் கல்லூரி இதை எப்படிப் பார்க்கிறது? முன்பு அரசு பாக்கி வைத்தால் கல்லூரி அரசோடு பேசியது. இப்போது கடன்காரர் நீ. "உன் கணக்குக்குத்தானே வரும், நீ இப்போ கட்டு." முடிச்சூர்த் தங்கையிடம் அலுவலகம் சொன்னது இதுதான். அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த கணக்கு, ஒரு பெயின்டரின் மகள் தலைக்கு மாறிவிட்டது.

விதிமுறையிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2021-ல் வந்த வழிகாட்டுதல்கள் "ஃப்ரீஷிப் கார்டு" பற்றிப் பேசுகின்றன. தகுதியுள்ள மாணவர் அதைக் காட்டினால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எதையும் முன்பணமாகக் கட்டாமல் சேரலாம். நான் உட்கார வைத்துப் பேசும் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குக்கூட இந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

ஜன்னல் இப்போது திரையில்

இன்றைய வழி இப்படி: கல்லூரி உங்களை யூமிஸ் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். நீங்கள் ஆதார் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் இ-சேவை வழியாக வாங்கிய இணையச் சான்றாக இருக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரிக்குப் போய், மாவட்ட அலுவலகத்துக்குப் போய், ஒப்புதலாகி, கணக்குக்கு வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு ஓ.டி.பி., ஒரு கெடு.

பழைய ஜன்னலில் ஒரு ஆள் இருந்தார். அவரிடம் சண்டை போடலாம், கெஞ்சலாம், நாலு பேரோடு போய் முற்றுகையிடலாம். இந்தத் திரையிடம் என்ன செய்வது? ஆதாரில் ஒரு இனிஷியல் முன்னால் இருக்கிறது, மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கிறது. திரை "பொருந்தவில்லை" என்கிறது, அவ்வளவுதான். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கி எறியப்பட்ட குடும்பங்களுக்கு இது இன்னும் மோசம். ரேஷன் கார்டில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி. வருமானச் சான்று விண்ணப்பம் திரும்பி வரும். அவர்கள் வீட்டை இடித்ததும் அரசு, இப்போது முகவரி பொருந்தவில்லை என்பதும் அரசு.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதை இரண்டு வழக்குகள் சொல்கின்றன. 2021-ல் ஒரு தலித் மாணவருக்கு பாம்பே ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. இணையத்தில் பணம் கட்டும்போது கார்டு வேலை செய்யவில்லை, இடம் போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. 2024-ல் உத்தரப் பிரதேசத்து தினக்கூலி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்டி ஏற்க வேண்டும். ஊரில் புரட்டிச் சேர்த்த பணத்தோடு கடைசி நிமிடங்களில் தளத்துக்குள் போனார், கடிகாரம் முந்திவிட்டது. அந்த வருடத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அவர் நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து அலைந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142-வது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது.

இரண்டும் மகிழ்ச்சியான முடிவுகள். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாமல், போனை அணைத்துவிட்டு அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது 2013-ல் வைத்த வரம்பு. நான் இதை எழுதும்போதும் அதுதான். மாதத்துக்கு 21,000 ரூபாய்கூட இல்லை. 2019-ல் கொண்டுவந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் இட ஒதுக்கீட்டுக்கு வரம்பு எட்டு லட்சம். 1942-ல் அம்பேத்கர் மூன்று லட்சத்தையும் மூன்று லட்சத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நாம் இரண்டரையையும் எட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வரலாறு படித்துப் பெருமைப்பட மட்டும் அல்ல. இந்தச் சேர்க்கைக் காலத்தில் உங்கள் தெருவில் இவற்றைச் செய்யலாம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே, ரிசல்ட்டுக்குக் காத்திராமல், ஆதார் போன் நம்பர், பெயர் எழுத்து, இணையச் சான்றிதழ்கள் மூன்றையும் சரிபாருங்கள். ஜூலையில் இ-சேவை மையத்தில் வரிசை நிற்க இடம் இருக்காது.

வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உதவித்தொகை வருவது என்.பி.சி.ஐ. பதிவில் கடைசியாக இணைந்த கணக்குக்கு. எப்போதோ ஒரு சிம் கடையில் திறந்த கணக்கில் பணம் விழுந்து, "வரவே இல்லை" என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் தளத்திலேயே எந்த வங்கி என்று பார்க்கலாம்.

கல்லூரி அனுப்பும் இணைப்பில் "ஏற்கிறேன்" என்று தட்டுவதற்கு முன் அது என்ன என்று படியுங்கள். அது உதவித்தொகையா, கல்விக் கடனா, ஏதாவது நிதி நிறுவனத்தின் மாதத் தவணையா? மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். கடனை ஒருபோதும் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. உதவித்தொகைக்குத் தகுதி இருக்கும்போது, அதற்குப் பதிலாக யாரும் கடனைத் தள்ளிவிடக் கூடாது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைப்பதை யு.ஜி.சி. 2018-லேயே தடை செய்திருக்கிறது. ஃபீஸ் பாக்கி என்று பிடித்து வைத்தால் எழுத்தில் கேளுங்கள். வாய்வழிப் பதிலை ஏற்காதீர்கள். ஃப்ரீஷிப் கார்டையும் அப்படியே, எழுத்தில்.

கிறித்தவராக இருக்கும் ஆதிதிராவிடர் குடும்பங்களிடம் தனியாகப் பேசுங்கள். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களை ஒன்றியப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசு தன் நிதியில் அவர்களுக்கும் உதவித்தொகை தருகிறது. "எங்களுக்குக் கிடையாது" என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ளும் வீடுகள் பல்லாவரம் பக்கத்தில் நிறைய.

கடைசியாக ஒன்று. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தேதியோடு. நோட்டீஸ் போர்டைப் போல அல்லாமல், திரையில் தெரிந்தது மறுநாள் மாறிவிடும். பத்துப் பேரின் படங்கள் சேர்ந்தால் அது ஒரு மனு. அக்டோபர் 29 அன்று கொடுத்த மனுவும் இப்படி ஒவ்வொரு குறையாகச் சேர்த்து எழுதியதுதான்.

முடிச்சூர்த் தங்கைக்கு இன்னும் பணம் வரவில்லை. மாவட்ட அலுவலகத்தில் இருப்பதாக நிலவரம் காட்டுகிறது. கல்லூரிக்கு எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்த பிறகு வெள்ளிக்கிழமைக் கெடுவை யாரும் பேசவில்லை, அவள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் வேறு இரண்டு பெண்களை அந்த ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டி வந்திருந்தாள். இந்த முறை கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தது அவள்தான். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெய்பீம்.